ஒரே போனில் நாற்பத்து மூன்று வீடு

புகழேந்தி செய்தது ஒரே ஒரு தட்டுத்தான். வலது கையில் மசால் வடை இருந்ததால் இடது கட்டைவிரலால் தட்டினான். அந்த ஒரு தட்டில் கண்டமங்கலத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் நாற்பத்து மூன்று வீட்டுக் கேமராக்கள் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன.

ஆள் மோசமானவன் இல்லை. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேமரா கடை வைத்திருக்கிறான். வேலை சுத்தம். ஒயர் வெளியே தெரியாமல் இழுப்பான், சுவரில் ஓட்டை போட்டால் தூளைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் ஏணியை மடக்குவான். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேமரா மாட்டினால் அதை ஒரு போன் நம்பரில் பதிவு செய்ய வேண்டும். முறைப்படி வீட்டுக்காரர் நம்பரைத்தான் போட வேண்டும். போட்டால் அவருக்கு ஓ.டி.பி. வரும், அதை அவர் வாசித்துச் சொல்ல வேண்டும். நம்ம ஜனங்களிடம் அது நடக்கிற காரியமா? கண்டமங்கலம் பச்சைமுத்து, "எந்த பேங்குலேர்ந்துடா பேசற?" என்று கேட்டுவிட்டுப் போனையே வைத்துவிட்டார். தன் வீட்டு ஏணி மேல் நின்றுகொண்டு ஓ.டி.பி. கேட்டவன் இவன்தான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். "எதுக்குங்க இந்த பேஜாரு? என் நம்பர்லயே போட்டுடறேன். உங்க போனுக்கு ஷேர் பண்ணி உட்டுடறேன்." வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி. அவரவர் போனில் அவரவர் வீடு தெரிந்தது. அதே வீடு புகழேந்தி போனிலும் தெரியும் என்பதை அவன் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தவன் போனில் கேமரா கம்பெனியின் அறிவிப்பு வந்தது. புதிய அப்டேட் வந்திருக்கிறது, ஒவ்வொன்றாகப் போடுவதா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? நாற்பத்து மூன்றை எவன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பான்? எல்லாவற்றுக்கும் என்று தட்டிவிட்டு வடையைக் கடித்தான். மணி பத்து நாற்பத்திரண்டு.

அப்டேட்டில் ஏதோ கோளாறு. உள்ளே போனது, கேமராக்கள் திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அரைமணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. மூன்று நாளைக்கு அடங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "கம்பெனி சர்வர் பிராப்ளம்ங்க. ரெண்டு நாள்ல சரியாப்பூடும்." முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்டேட்டைக் கெடுத்தது கம்பெனிதான். அதை நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஊட்டிவிட்டது மட்டும் இவன்.

சனிக்கிழமை காலை திண்டிவனத்திலிருந்து செல்வகுமார் கூப்பிட்டார். செஞ்சி ரோட்டில் சிமெண்ட் ஏஜென்சி வைத்திருக்கிறவர். மனைவி கலைப்பிரியா பள்ளிக்கூடத்து டீச்சர்.

"புகழு, ஜல்தி கெளம்பி வா. லெட்டர்பேடும் சீலும் எடுத்துக்கினு வா."

"எதுக்கு சார்?"

"வாய்யா, சொல்றேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போனான். ஹாலில் செல்வகுமார் சோபாவில் இருந்தார். டீச்சர் பக்கத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையலறை வாசற்படி ஓரத்தில் இருதயமேரி நின்றிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். புகழேந்தி எப்போது போனாலும் கேட்காமலே காபி கொண்டுவந்து வைப்பாள். அன்று காபி வரவில்லை.

செல்வகுமார் போனை நீட்டினார். கேமரா கடைசியாக அனுப்பிய படம். இருதயமேரி முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நீளக் குச்சியில் கட்டிய ஒட்டடைத் துடைப்பத்தை மேலே தூக்கியிருக்கிறாள். துடைப்பத்தின் தலை பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறது. மூலையில் நேரம் போட்டிருந்தது: வியாழன், பத்து நாற்பத்திரண்டு.

புகழேந்தி அந்த நேரத்தை இரண்டு தடவை படித்தான்.

"இதுக்கப்புறம் ஒரு படம் இல்ல," என்றார் செல்வகுமார். "அன்னிக்கு சாயங்காலம் வந்து பாத்தா டீச்சரு வளையலக் காணோம். ரெண்டு பவுன். ஃப்ரிட்ஜ் மேல கழட்டி வெச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கு. காமிராவ அடிச்சி ஒடைச்சிட்டு எடுத்துருக்கா. வேற எவன் வந்தான் இந்த ஊட்டுக்கு?"

"சார், ஒட்டட அடிக்கச் சொன்னதே டீச்சருதான்," என்றாள் இருதயமேரி. "பொங்க வருது, மூல முடுக்கெல்லாம் அடிச்சி உடுன்னாங்க. குச்சிய நீட்டனது நெசம். காமிராவுல படவேயில்ல."

"பாத்தியா, நீட்டனேன்னு அதுவே சொல்லுது!"

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். கேமரா அடிபட்டுத்தான் கெட்டது என்று கடை லெட்டர்பேடில் எழுதிச் சீல் வைத்துக் கொடுக்க வேண்டும். அதையும் படத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகப்போகிறார். எழுத்தில் இருந்தால்தான் புகார் நிற்கும் என்று ஏட்டு சொல்லிவிட்டாராம்.

"தம்பி, நீ வெவரம் தெரிஞ்ச புள்ள. நல்லா பாத்துச் சொல்லு," என்றாள் இருதயமேரி. "தை மாசம் என் பொண்ணு அன்புச்செல்விக்கு நிச்சயம் வெச்சிக்கீது. திருட்டுக் கேசுல ஸ்டேஷனுக்குப் போனவ பொண்ண எவன் கட்டுவான்? மாப்ள ஊட்ல சேதி போச்சின்னா அன்னிக்கே முடிஞ்சிடும் தம்பி."

புகழேந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். கீறல் இல்லை. ஒரு நூலாம்படைகூட அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, மற்ற நாற்பத்திரண்டு வீட்டிலும் அடித்துக்கொண்டிருந்த மாதிரியே.

"சார், அடிபட்ட மாதிரி இல்ல. இது உள்கோளாறு. கம்பெனி அப்டேட் வந்துச்சி, அதுல போயிருக்கும்."

"அப்டேட்டா? என் மச்சான் சென்னைல இதே கம்பெனி, இதே காமிராதான் வெச்சிருக்கான். நேத்து ராத்திரி கேட்டேனே. ஜம்முனு ஓடுதாம். அவனுக்கு ஒண்ணும் ஆவல, எனக்கு மட்டும் அப்டேட்டா? அதுவும் கரெக்டா அவ குச்சிய நீட்டற நிமிஷத்துல?"

மச்சானுக்கு ஆகியிருக்காதுதான். மச்சான் தன் நம்பரில் போட்டிருக்கிறார், அப்டேட்டைத் தட்டவில்லை. புகழேந்தி ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"நீ இன்னா அவளுக்கு வக்கீலா? ஒன்ன இன்னா கேட்டேன்? எழுதிக் குடுத்துட்டு ஒன் வேலையப் பாத்துக்கினு போ. புதுக் காமிராவும் ஒன்கிட்டதான் வாங்கப்போறேன்."

மேசையில் லெட்டர்பேடை வைத்தான். தேதி எழுதினான். "திரு. செல்வகுமார் அவர்கள் இல்லத்தில்" என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

கணக்கு ரொம்பச் சுலபம். வாயை மூடிக்கொண்டு எழுதினால் இவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை, மேரியக்கா குடும்பம் நாறிப்போகும். எழுத மாட்டேன் என்று முரண்டினாலும் படம் இருக்கிறது, செல்வகுமார் வேறு கடைக்காரனிடம் எழுதி வாங்கிவிடுவார். அவளைக் காப்பாற்ற ஒரே வழி தன் போனைத் திறந்து காட்டுவது. அதைத் திறந்தால் நாற்பத்து மூன்று வீடும் வரிசையாக இருக்கும், எல்லாம் ஒரே நிமிஷத்தில் விழுந்ததும் இருக்கும். கூடவே, இத்தனை வீட்டு ஹாலும் இவன் சட்டைப்பையில் இருந்த விஷயமும் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் எந்த வீட்டில் ஏணி போட விடுவார்கள்? சோற்றுக்கு வழி இந்தக் கடைதான். பயந்துதான் போனான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இருதயமேரி அழவில்லை. அவன் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் எழுதிக்கொண்டிருப்பது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

புகழேந்தி எழுதிய தாளை லெட்டர்பேடிலிருந்து கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். போனை எடுத்தான்.

"சார், இதப் பாருங்க."

செல்வகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பட்டியல் நீளமாகப் போனது. கண்டமங்கலம் பச்சைமுத்து – வாசல். ராயப்பன் – மாட்டுக்கொட்டகை. விழுப்புரம் இசைவாணி மேடம் – மாடிப்படி. செல்வகுமார் சார் – ஹால். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே தேதி, ஒரே நேரம், அப்டேட் தொடங்கியது, தொடர்பு இல்லை.

"நாப்பத்து மூணு சார். எல்லாம் பத்து நாப்பத்திரண்டுக்கே போச்சி. நான்தான் தட்டனேன். மொத்தமா ஒரே தட்டு. மேரியக்கா குச்சிய நீட்டனதும் அதே நிமிஷம், அவ்ளோதான். நம்பிக்க இல்லன்னா இதுல யாருக்கு வேணா இப்பவே போன் போட்டுக் கேளுங்க."

செல்வகுமார் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ராயப்பன் அவருக்குத் தெரிந்தவர்தான், சிமெண்ட் வாங்குகிறவர். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். "ஆமாங்க, வியாழக்கெழம காலைலேர்ந்து காமிரா செத்துக் கெடக்குது. புகழு சர்வர்னான்," என்றார் ராயப்பன். செல்வகுமார் போனை வைத்தார். கேஸ் அங்கேயே படுத்துவிட்டது. இனிமேல் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனுக்கும் போக முடியாது.

வளையல், சொல்லிவிடுகிறேன், நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. வியாழக்கிழமை காலை டீச்சர் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிக்குள் சுருண்டு கிடந்ததாம். தையல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இப்போது ஹாலுக்கு வருவோம். முதலில் பேசியது டீச்சர்தான்.

"எங்க ஹாலு ஒங்க போன்ல எப்புடி இருக்குது?"

புகழேந்தி ஓ.டி.பி. கதையைச் சொன்னான். பச்சைமுத்து போனை வைத்ததைச் சொன்னான். டீச்சர் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அதாவது, நாங்க பாக்கற மாதிரியே நீங்களும் பாக்கலாம்?"

"சர்வீஸுக்கு மட்டும் தொறப்பேன் டீச்சர். வேற எதுக்கும் இல்ல."

"ரெண்டு வருஷமா!" என்றாள் டீச்சர். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செல்வகுமார் ஸ்டூலில் ஏறி, ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், கேமராவைக் காரை பெயரப் பிய்த்தார். அதைக் கொண்டுவந்து புகழேந்தி கையில் திணித்தார். "எடுத்துக்கினு போயிடு. ராயப்பனுக்கு, எனக்குத் தெரிஞ்சவன் எல்லாருக்கும் சொல்லுவேன். ஒன் கடைக்கு எவன் வர்றான்னு பாக்கறேன்." பிறகு, திரும்பாமலே சொன்னார்: "மேரி, நீ போயி வேலையப் பாரு."

"இன்னிக்கு முடியாது சார்," என்றாள் இருதயமேரி. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

புகழேந்தி அவள் பின்னாலேயே வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். கடை போனது போனதுதான், ஆனாலும் மனசுக்குள் ஒரு லேசான தெம்பு இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவள் வாயால் ஒரு வார்த்தை வரும் என்று நின்றான். மனுஷன்தானே, எதிர்பார்க்கத்தான் செய்வான்.

"நல்லாரு தம்பி," என்றாள் அவள். செருப்பை மாட்டினாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கக்கா."

"அவங்க பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க ஊடு, அவங்க பாக்குறாங்க. அதுக்குத் தக்கன நான் இருந்துக்குவேன். காமிராவுக்கு நேர் கீழ செவுத்தோரமா நின்னா தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்க ஊட்டுக்காரு அந்தோணிசாமி ஆவணில செத்தாரு. எட்டாம் நாளே வேலைக்கு வந்துட்டேன். ஊட்ல பொண்ணு எதுருல அழ முடியாது. இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் அங்க வந்து நின்னு அழுவேன். அது தெரியுமா அதுல?"

தெரியும். அகலமாகப் பிடிக்கிற கேமரா, சுவரோரம் வரைக்கும் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து மாட்டியவனே அவன்தான். வேலையில்லாத ஒரு மத்தியானம் சும்மா போனில் ஒவ்வொரு வீடாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் அந்த ஹாலில் நின்றுவிட்டான். அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தான். மறுநாளும் பார்த்தான்.

டீச்சரிடம் சொன்ன பதிலையே இவளிடமும் சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"பாத்தேங்க்கா," என்றான்.

திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ஐப்பசி மழைல ஒயரு போச்சின்னு வந்தியே. அதுக்கப்புறம் ஒரு தபா வந்த. ரெண்டு தபாவும் காபி குடுத்தேன். பாத்துட்டும் இன்னாக்கான்னு ஒரு வார்த்த கேக்கலியே தம்பி."

செத்த வீட்டுக்குப் போகாவிட்டாலும், நேரில் பார்க்கும்போது ஒரு வார்த்தை கேட்பார்கள். தெரியாதவர்கள்கூடக் கேட்பார்கள். டவுன் பஸ் தெருமுனையில் திரும்பி வருவது தெரிந்ததும் புகழேந்தி அவசரமாகக் கேட்டான்:

"அண்ணனுக்கு இன்னாக்கா ஆச்சு?"

இருதயமேரி பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.

"அத அப்பக் கேக்கணும் தம்பி," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.