மை பூசிய இரண்டு பக்கங்கள்

அரசு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் எல்லாரும் அவளை மைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒப்பந்தங்களைப் பற்றி யார் தகவல் கேட்டு மனுப் போட்டாலும், கோப்பைப் படித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, தனி ஆட்களின் விலாசம், தொலைபேசி எண், உடல்நலச் சான்று போன்றவற்றின் மேல் கறுப்பு மை பூசி மறைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாகப் பூசுகிறாள். "இன்னிக்கு யாரைம்மா மறைச்சே?" என்று மகள் அவள் விரல்களைப் பார்த்துக் கேலி செய்வாள்.

அந்த முறை வந்தது நோயாளிகளுக்குச் சாப்பாடு போடும் ஒப்பந்தம். ஒன்பது வருடமாகப் போட்டுவந்த பெரியவர் தோற்றுப்போய், ஒரு புது நிறுவனம் ஜெயித்திருந்தது. எதனால் தோற்றேன், ஜெயித்தவர்களின் கோப்பைக் காட்டுங்கள் என்று பெரியவர் மனுப் போட்டார். ஒப்பந்தம் முடிவான பிறகு அதைக் கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

மனு வந்த சேதி எப்படியோ சமையல்கட்டுவரை போய்விட்டது. மறுநாள் மதியம், புது நிறுவனத்தில் காய் நறுக்கும் பெண் ஒருத்தி ஈரக்கையோடு மேஜை முன்னால் வந்து நின்றாள். அந்தக் கோப்பில் வேலையாட்கள் பட்டியல் இருக்கிறதா, அதில் வீட்டு விலாசமும் இருக்கிறதா என்று கேட்டாள். பதினெட்டுப் பேருடையதும் இருந்தது.

"அது மட்டும் அங்க போகக்கூடாது மேடம்," என்றாள். "அந்தப் பெரியவர்கிட்டதான் எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்டுறாரு. நான் வெளியே வந்து ஏழு மாசம் ஆச்சு. இங்க வேலை செய்றதும் அவருக்குத் தெரியாது, தங்கியிருக்கிற இடமும் தெரியாது."

அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டில் முறிந்த எலும்பு கோணலாகக் கூடியிருந்தது மைக்காரம்மாவின் கண்ணில் பட்டது. பேரும் போகாது, விலாசமும் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

மேலாளருக்கு வேறு கவலை. போட்டியிட்ட நிறுவனங்களுக்குப் போட்ட மதிப்பெண் பட்டியலில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பூசிவிடுங்கள், தனியுரிமை என்று காரணம் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

"மார்க் யாரோட அந்தரங்கமும் இல்ல சார். அது நாம போட்டது," என்றாள் அவள். மேலாளரின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பக்கத்தை அவள் மை படாமல் எடுத்து வைத்தாள்.

எப்போதும் மை பூசிய தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைத்தான் கொடுப்பாள். அன்றைக்கென்று இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பதில் கொடுக்கக் கடைசி நாளும் அதுதான். வேறு வழியில்லாமல், பூசிய தாள்களையே உறையில் போட்டு ஒட்டினாள். பெரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனார்.

மூன்று மணி வாக்கில், அதேபோல் மை பூசி வைத்திருந்த அலுவலகப் பிரதியைக் கோப்பில் சேர்க்க எடுத்தபோது ஜன்னல் வெயில் தாளின் பின்னால் விழுந்தது. மைக்கு அடியில் இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பேர், தெரு, கதவு எண் எல்லாம்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். யார் தூக்கிப் பிடித்துப் பார்க்கப்போகிறார்கள், விட்டுத் தள்ளுங்கள் என்றார் அவர். அவள் வெளியே போக அனுமதிச் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு பேருந்து மாறிப் போனாள். பெரியவரின் வீட்டு வாசலில் வேன் நின்றது. ஒருவன் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாளியை ஓரமாக நகர்த்தி, "பார்த்து வாங்க, வழுக்கும்," என்றான். யாரென்று அவளுக்குப் புரிந்தது. சாதாரண முகம். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

உள்ளே சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. பெரியவர் மதிப்பெண் பக்கத்தில் விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அவள் வேலையாட்கள் பட்டியல் இருந்த இரண்டு பக்கங்களையும் திருப்பிக் கேட்டாள்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறீங்கன்னா அதுலதான் ஏதோ இருக்கு," என்று அவர் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தூக்கிப் பிடிச்சா தெரியும் ஐயா. அதான் வந்தேன்," என்றாள். "தப்பு என்னோடது. அதுல இருக்கிறது பதினெட்டுப் பேரோட வீட்டு விலாசம். மார்க் பக்கம் உங்களுது. அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டோம்."

அவர் கை பாதியில் நின்றது. யாருக்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். வெளியே வாளி நகரும் சத்தம் கேட்டது. அவளால் சொல்ல முடியாது.

"பதினெட்டுப் பேருக்காகவும்தான். உங்க ஆளுங்க பட்டியலும் ஒன்பது வருஷமா எங்க அலமாரியில இருக்கு ஐயா. போட்டிக் கம்பெனிக்காரங்க ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. கொடுக்கல."

பெரியவர் தாள்களை மடித்து அவள் கையில் கொடுத்தார். உறையை வீட்டில்தான் பிரித்ததாகவும், இன்னும் அந்தப் பக்கத்துக்கே வரவில்லை என்றும் சொன்னார். தவறாகக் கொடுத்த இரண்டு பக்கங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"இதை நான் மேல கொடுத்தா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"கொடுக்கலாம் ஐயா."

மறுநாள் காலை சமையல்கட்டின் பின்வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே," என்றாள், அவ்வளவுதான். அந்த வாரமே அந்தப் பெண் கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டு மாடிக்குக் குடிபோனாள். மைக்காரம்மா எதிரே வந்தாலும் முகம் பார்க்காமல் போனாள். வேன்காரன் அந்தப் பக்கம் வரவே இல்லை.

பெரியவர் மேல்முறையீடு செய்தார். திருத்திய எண் தப்பு என்று தெரிந்து புது நிறுவனத்தின் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அப்படியும் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். நேரத்துக்குச் சாப்பாடு வரவில்லை என்று நர்சுகள் எழுதிய புகார்தான் தன்னைத் தோற்கடித்தது என்று பெரியவர் படித்துத் தெரிந்துகொண்டார். "அது நியாயம்தான்," என்று அலுவலகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளைத்தாளை அவர் யாரிடமும் காட்டவில்லை. மைக்காரம்மா தானாகவே தன் தப்பை மேலிடத்துக்கு எழுதினாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே கையோடு, ஒப்பந்தப் படிவத்தில் வேலையாட்களின் வீட்டு விலாசம் கேட்கவே வேண்டாம், எத்தனை பேர், என்ன வேலை என்பது போதும் என்று ஒரு குறிப்பு தயாரித்தாள். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மதியம், காய் நறுக்கும் பெண் மகளின் பள்ளிக்கூடப் படிவத்தோடு வந்தாள். விலாசம் கேட்ட கட்டத்தில் விரலை வைத்து, இதை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள்.

மைக்காரம்மா படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். தலைமையாசிரியர் பார்ப்பார், எழுத்தர் பார்ப்பார், அலமாரிக்குப் பூட்டு உண்டா என்பது தனக்குத் தெரியாது, நாளைக்குப் போய் விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற கட்டங்களை நிரப்பப் பேனா கேட்டாள்.