இதுவும் உப்புத்தானுங்க

கணபதி ஏரியாவில் வீடு கட்டுகிறவர்கள் குழாயை ஜோடியாகத்தான் வைப்பார்கள். ஒன்று நல்ல தண்ணிக்கு. அது மாநகராட்சி மனசு வைத்தால் வரும். இன்னொன்று போர் தண்ணிக்கு. அதற்கு ஊரில் உப்புத் தண்ணி என்று பெயர், அது எந்நேரமும் வரும். அந்த உப்புத் தண்ணி வீட்டுக்குள் பண்ணுகிற அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும். ஹீட்டர் கம்பியின் மேல் சுண்ணாம்பு பூசினதுபோல ஏறிக்கொள்ளும். ஷவர் துளையை வாரம் ஒருமுறை ஊக்கால் குத்திவிட வேண்டும். சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகுமே தவிர நுரை வராது. அதனால் அந்த வீதியில் எந்தக் கெடுதல் நடந்தாலும் முதல் குற்றவாளி உப்புத் தண்ணிதான்.

அருண்குமாருக்கு அங்கே லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். பூமிக்குள் கிடக்கிற உப்புத் தண்ணியை மேலே கொண்டுவந்து ஊரார் தலையில் ஊற்றுவதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனே கேலி பேசுவான். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அவனும் மனைவி பிரவீனாவும் மட்டும்தான். மகள் கனிஷ்கா சென்னையில் ஹாஸ்டலில் படித்தாள்.

பிரவீனாவுக்கு முதலில் முடி கொட்டியது. சீப்போடு வந்த முடியைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டு ரம்ஜான் பீவியிடம் காட்டினாள்.

"எனக்கும் கொத்துக் கொத்தாத்தான் கண்ணு கொட்டுது. நம்ம வீதித் தண்ணி அப்படி. தலைக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்திக்கோ" என்றார் பீவி. அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அவருக்கும் கொட்டத்தான் செய்தது.

அடுத்து உடம்பெல்லாம் அரித்தது. முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நிற்பாள். அதுவும் உப்புத் தண்ணி என்றான் அருண்குமார். சாயங்காலமானால் கால் வீங்கியது.

"ஏனுங்க, செருப்பு பத்த மாட்டேங்குதுங்க."

"அந்த உப்புத் தண்ணியில நின்னுட்டே துணி தொவைச்சா வேற எப்படி இருக்கும்? வாஷிங் மெஷின்ல போடு."

"அதுதான் உப்பு அடைச்சு நின்னுபோச்சுங்களே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவன் பட்டறைக்குப் போய்விட்டான்.

அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் எதை வைத்தாலும் உப்பும் துருவும் கலந்தமாதிரி இருக்கிறது என்றாள். நல்ல தண்ணி வர நாளாகும் என்று கேன் தண்ணி வாங்கி வைத்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதுவும் உப்புத்தானுங்க."

கேன்காரன் போர் தண்ணியைப் பிடித்து ஏமாற்றுகிறான் என்று அவனோடு சண்டை போட்டு ஆளை மாற்றினான். புதியவன் கொண்டுவந்ததும் உப்பு. வேலையாகச் சத்தியமங்கலம் போனபோது, அங்கே சொந்தக்காரர் வீட்டில் பவானி ஆத்துத் தண்ணியைப் பெரிய கேன் நிறையப் பிடித்து, காரில் அலுங்காமல் கொண்டுவந்தான். டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆசையாக முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் பிரவீனா. மீதியை அவன் பார்க்காதபோது தொட்டியில் கவிழ்த்தாள். அவன் பார்த்துவிட்டான். கேன் பிளாஸ்டிக்கின் வாடையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனுஷனுக்கு ஒரு எதிரி கிடைத்துவிட்டால் வேறு பக்கம் கண் திரும்புவதே இல்லை.

கடைசியில் அவனுக்கு ரோஷம் வந்தது. உப்பைப் பிரிக்கிற மெஷினை மொட்டை மாடியில் வைத்துவிட முடிவு செய்தான். ரிஃபத் என்கிற பையன் வந்து மாட்டிக் கொடுத்தான். அன்றைக்குச் சோப்பு நுரைத்த நுரையில் குளியலறை நிறைந்துபோனது. "கழுவக் கழுவப் போக மாட்டேங்குதுங்க" என்று உள்ளே இருந்து பிரவீனா சத்தம் போட்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நெஞ்சு குளிர்ந்தது.

குழாய்கள் பளபளத்தன, டம்ளரில் புள்ளி விழவில்லை. பிரவீனாவுக்கு மட்டும் முடி கொட்டுவதும் நிற்கவில்லை, அரிப்பும் நிற்கவில்லை. அருண்குமார் ரிஃபத்தை மாடிக்குக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினான். ரிஃபத் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணியைப் பிடித்து, சோப்பைக் கரைத்துக் குலுக்கிக் காட்டினான். கழுத்துவரை நுரை ஏறி நின்றது.

"மெஷின் நல்லாத்தானுங்க ஓடுது" என்றான்.

இவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த பிரவீனா, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. முகம் ஊதி, கண் இடுங்கி, ஆளே வேறு யாரோ போல இருந்தாள். இத்தனை நாளும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமா என்று அருண்குமாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குற்றம் சொல்லத் தண்ணி கைவசம் இல்லாமல்போன பிறகுதான் அவன் மனைவியைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டரம்மா.

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"

"எங்க வீதியில உப்புத் தண்ணிங்க..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"தண்ணி காரணம் இல்லைங்க. ரொம்ப நாளா பிரஷர் ஏறிக் கிடந்திருக்குது. யாரும் பாக்கலை."

தண்ணிதான் காரணம் என்று அவர் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. போர் குழியை மண் போட்டு மூடியிருப்பான்.

டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு அவள் குடிப்பது எல்லாம் ஒரு சின்ன பாட்டிலுக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள்.

ஒரு நாள் காலையில் ரம்ஜான் பீவி வீதியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அம்மணி, நல்ல தண்ணி வந்துருச்சு!"

அருண்குமார் குழாயைத் திறந்து டிரம்மில் விட்டான். பிரவீனா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அன்றைய பங்கில் கொஞ்சத்தை அந்தப் புதுத் தண்ணியாகவே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். வாயில் கொஞ்சநேரம் வைத்திருந்து விழுங்கினாள். அவள் முகம் மலர்ந்து பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது!

"ஏனுங்க, உப்பே இல்லைங்க. தித்திக்குதுங்க."

டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னொரு வாய் ஊத்துங்க. ஒரே வாய்."

அவளுக்குப் பின்னாலேயே டிரம் நிரம்பி வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"நல்ல தண்ணி நின்னுபோச்சு கண்ணு" என்றான். "இப்ப வர்றது உப்புத் தண்ணி."

அவள் காலடியில் வந்து தேங்கிய தண்ணியைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நம்ம வீதித் தண்ணி அப்படிங்க."