கத்திரிப்பூ நூலில் ஒரு முடிச்சு

"தொடை நிறம் எழுதாம கட்டுரைய அனுப்ப முடியாதுடி" என்றாள் விஷ்ணுப்ரியா.

சேலையூரில், ஷாயிஸ்தாவின் வீட்டு மாடியில் இருவரும் கணினி முன் உட்கார்ந்திருந்தார்கள். வால்பாறைக் காட்டில் அவர்கள் பிடித்த மரத்தவளை புதிய இனமா என்பது அந்த நிறத்தில்தான் இருந்தது. பழைய இனத்துக்குத் தொடை நீலம். இதுவோ ஸ்பிரிட் புட்டியில் வெளுத்துப்போயிருந்தது. குறிப்பேட்டில் எழுதியதை மழை கரைத்துவிட்டது.

"எனக்கு நீலம்னுதான் ஞாபகம்."

"இல்ல, ஊதா! உம்மா கலர் பாக்க வெச்சிருக்கற நூல் அட்டைய அங்க எடுத்துட்டுப் போயிருந்தேன். உயிரோட இருக்கறப்பவே பக்கத்துல வெச்சுப் பாத்து, சரியான நூல்ல முடிச்சுப் போட்டேன்." ஷாயிஸ்தா பையைக் கவிழ்த்தாள். அட்டை இல்லை.

"உம்மா! அட்டை எங்க?"

கீழே தையல் மெஷின் சத்தம் நின்றது. அட்டையோடு மேலே வந்தாள் நூர் பீவி. "நேத்தே எடுத்துட்டேன். எவளோ முடிச்சு வேற போட்டு வெச்சிருந்தா. திட்டிக்கிட்டே அவுத்தேன்."

"அவுத்துட்டீங்களா? எந்த நூலு?"

"கத்திரிப்பூ. இதோ, சுருக்கம் இன்னும் போகல பாரு."

விஷ்ணுப்ரியா நாற்காலியிலிருந்து துள்ளினாள். "ஊதாவேதான்! புதுசுடி, புது இனம்!"

"தவளைக்குமா மேட்சிங் பாக்குறீங்க?" என்றாள் நூர் பீவி. "சரி, பிளவுஸ் தெக்கணும்னா அளவு சொல்லுங்க."