சாட்சிக்கு வந்த லாபிர்

லாபிர் லண்டனிலிருந்து திரும்பிவிட்டார், என் நிக்காஹ்வுக்குச் சாட்சியாக நிற்கவும் ஒப்புக்கொண்டார் என்று உம்மா சொன்னபோது, கையிலிருந்த தேநீரை அவர் தலையில் கொட்ட வேண்டும்போல் இருந்தது. தலை பக்கத்தில் இல்லாததால் நானே குடித்தேன்.

லாபிர் எங்கள் மாத்தளைக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் வாப்பாவின் புடவைக்கடை மாடியில் நண்பர்களைக் கூட்டி, வியட்நாம், சூயஸ், தோட்டத்து மக்களின் குடியுரிமை என்று உலகத்தையே அலசுவார். நான் அவருடைய மாணவி. பேராதனையில் முதல் வரிசை. மாத்தளையில் திரைக்குப் பின்னால். திரை போட்டால் வாய் மூடிக்கொள்ளும் என்று நினைத்தவர்கள் என்னை அறியாதவர்கள்.

இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுத் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பங்கு பிரித்திருந்த சமயம் அது. "பக்கத்து நாடு எல்லைய மாத்துது, இவங்க பேசாமலே இருக்காங்கன்னு வைங்க. சம்மதிச்சிட்டாங்கன்னுதான் சட்டம் எடுத்துக்கும்" என்றார் லாபிர்.

"நாட்டுக்குச் சரி, சேர். மனுசருக்கு?" என்றேன் திரைக்குள்ளிருந்து. "தோட்டத்து ஆளுங்கள யாரு கேட்டாங்க? பேசாம இருக்கிறவங்க எல்லாம் சம்மதிச்சவங்களா? பயந்துபோய் இருப்பாங்க. யாருக்காவது காத்துக்கிட்டு இருப்பாங்க."

வாப்பா செருமினார். லாபிர் மட்டும் சிரித்தார். "அத நான் எழுதணும்" என்றார். எழுதவும் எழுதினார். அந்தக் கட்டுரைதான் அவரை மேற்படிப்புக்கு லண்டன்வரை கூட்டிப்போனது.

திங்கட்கிழமைகளில் மூவரும் ஒரே ரயிலில்தான் பேராதனைக்குப் போவோம். காவலுக்கு வரும் என் அண்ணன், எங்கள் நானா, வத்தேகம தாண்டுமுன் குறட்டை விட்டுவிடுவார். நானும் லாபிரும் உலக நியாயம் பேசுவோம். எப்போது அது வேறு நியாயமாக மாறியது என்று எனக்கே தெரியாது. அவர் பேச்சை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தால்கூட எனக்கு இனித்தது. லண்டனுக்குப் புறப்படுவதற்கு முந்திய திங்கட்கிழமை, நானா எழுந்துவிடாதபடி லாபிர் மெல்லச் சொன்னார்: "வந்ததும் வாப்பாகிட்ட பேசுறேன், ஹமீமா. அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

நானும் சொல்லவில்லை. அங்கேதான் பிடித்தது சனியன்.

நாவுலையிலிருந்து சம்பந்தம் வந்தது. நெல் மில் வைத்திருக்கும் ஸக்கரியா, நல்ல குடும்பம். வாப்பா என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் பெயர் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லத்தான் எனக்கு அனுமதி இல்லையே. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கன்னிப்பெண் பேசாமல் நின்றால் எங்களில் அது சம்மதம். "புள்ள வெக்கப்படுது" என்றாள் உம்மா. அன்று மாலையே நாவுலைக்கு இனிப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் லாபிர் வந்து இறங்கினார். கடைக்கு வந்து, "ஹமீமாக்கு விருப்பமா?" என்று கேட்டாராம். "பேசாமதான் இருந்திச்சி" என்றாராம் வாப்பா. அது போதுமாக இருந்ததாம் அவருக்கு. ஊருக்குத்தான் உபதேசம்!

நிக்காஹ் அன்று கீழே மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருந்தார்கள். வாப்பாவும் பெரிய மாமாவும் லாபிரும் மாடியேறி வந்து திரைக்கு அப்பால் நின்றார்கள்.

"நாவுல ஸக்கரியாவ மாப்பிளையா ஏத்துக்கச் சம்மதமா, மகள்?"

நான் வாய் திறக்கவில்லை. லாபிர் திறப்பார் என்று காத்திருந்தேன். இவ்வளவு அருகில் வந்த மனிதன் எப்படிப் பேசாமல் இருப்பான்?

வாப்பா மறுபடி கேட்டார். என் அக்கா, ஜுனைதா ராத்தா, இடுப்பில் கிள்ளினாள். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பேசாம இருந்தா சம்மதந்தானே" என்றார் பெரிய மாமா. "சாட்சி என்ன சொல்றீங்க?"

"சம்மதந்தான்" என்றார் லாபிர்.

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "இல்ல வாப்பா" என்றேன். "எனக்குச் சம்மதமில்ல."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். வாப்பா திரையை விலக்கினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "யாரையாச்சும் மனசில வெச்சிருக்கியா, மகள்?" என்றார்.

நான் லாபிரைப் பார்த்தேன். திரை இல்லை, இடையில் ஒன்றுமில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்து, உதடு ஒருமுறை அசைந்தது. சொல்லுங்க, சொல்லுங்க என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது சொன்னாலும் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். கீழே மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாப்பா அவரைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். துணியை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்காமல் போகிறவர்கள் எத்தனையோ பேரைக் கண்ட மனிதர் அவர்.

"தம்பி, நீங்க கீழ போங்க" என்றார். "மாப்பிள வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

லாபிர் இறங்கினார். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. ரப்பே, அந்த ஒரு நொடி நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! பிறகு மிச்சப் படிகளும் இறங்கிப்போயின.