முன்னால் போனவள்

அண்ணன் சீப்ரனின் சைக்கிள் பின்சக்கரத்தில் மோதிவிடாமல் இருக்க ஹிஸ்கே சட்டென்று பிரேக்கைப் பிடித்தாள். அன்று காலையில் இது மூன்றாவது தடவை. ஊரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை, அதற்குள் மூன்று முறை அவன் வேகம் செத்துப்போய், பின்னால் வந்த அவள் வண்டி அவனை முட்டப் பார்த்தது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்ல. ராத்திரி சரியாத் தூங்கல."

"ஏழு மணிக்கு ஆலையில அட்டை அடிக்கணும். ஞாபகம் இருக்கா?"

"அதைக் காத்துகிட்ட சொல்லு," என்றான் திரும்பாமலே. "அதுவும் நம்ம ஷிஃப்ட்டுதான் போல."

மணி ஆறு இருபது. ஃப்ரீஸ்லாந்தின் வடகரையில் நவம்பர் மாதம் எட்டு மணிக்குத்தான் விடியும். தென்மேற்கிலிருந்து காற்று வெட்டவெளி வயல்களின் மேல் ஒரு தடையும் இல்லாமல் வந்து, மழையைப் படுக்க வைத்து அடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் கடல் உள்ளே வராமல் தடுக்கும் உயரமான மண்கரை. அதன் சரிவில் ஆடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன. சைக்கிள் விளக்கின் வெளிச்சத்தில் அவற்றின் கண்கள் மட்டும் பச்சையாகத் தெரிந்து மறைந்தன.

பன்னிரண்டு கிலோமீட்டர். வாரத்துக்கு ஐந்து நாள். பதினெட்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் இந்தப் பாதையில் நகரத்துச் சலவை ஆலைக்குப் போய் வருகிறார்கள். கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டிகளோடு ஹிஸ்கே பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அங்கே சீப்ரன் மட்டும்தான் இருந்தான். 'மாடி அறை காலியாத்தான் இருக்கு' என்றான். அடுத்த வாரம், 'ஆலையில ஆள் எடுக்கறாங்க' என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே பாதையில் போய், ஒரே நேரத்தில் திரும்பி வயதானார்கள். அவனுக்கு அறுபத்தொன்று. அவளுக்கு ஐம்பத்தேழு.

அவன்மேல் அவளுக்கு ஒரு குறை உண்டு. பெரிய குறை இல்லை, ஆனால் பதினெட்டு வருஷமாக உள்ளே கிடக்கும் குறை. மற்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவார்கள். சீப்ரன் ஒருநாளும் பக்கத்தில் வந்ததில்லை. காற்று எதிரே அடிக்கும் நாட்களில் கண்டிப்பாக வரமாட்டான். முன்னால் போவான். திரும்பிப் பார்க்க மாட்டான். "அவன் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நல்லாத் தெரியும்," என்று அக்கா டெட்யேவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். "மழைக்கோட்டுல எத்தனை ஒட்டு இருக்குன்னு கேளு, சொல்றேன்."

நீரேற்று நிலையத்துக்குச் சற்று முன்னால் அவன் மறுபடியும் தள்ளாடினான். இந்த முறை அவள் வண்டியை ஒடித்து அவன் பக்கத்தில் கொண்டுவந்தாள். தலைமூடிக்குள் அவன் முகம் ஈரமாக, சாம்பல் நிறமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் யார் முகமும் அப்படித்தான் இருக்கும்.

"நீ முன்னால போ," என்றான்.

"நீ?"

"பின்னாலயே வர்றேன். போ பொண்ணே, ரெண்டு பேரும் லேட்டாப் போய் என்ன பண்ணப் போறோம்."

அவள் போனாள். ஐம்பது மீட்டர் போவதற்குள் தொடை எரிந்தது. மூக்கிலும் வாயிலும் காற்று அடைத்தது. மழை ஊசி ஊசியாகக் கண்ணுக்குள் இறங்கியது. ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. சனியன், காற்று இப்போது பார்த்துத்தான் கூட வேண்டுமா என்று நினைத்தாள். தலையைக் குனிந்து, கியரைக் குறைத்து மிதித்தாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவன் விளக்கு சின்னதாகத் தெரிந்தது. பாலத்துக்கு ஏறும் இடத்தில் மறுபடி பார்த்தாள். விளக்கு இல்லை. கோட்டைச் சரிசெய்ய இறங்கியிருப்பான். இல்லை, மூத்திரம் பெய்யப் போயிருப்பான். மணி ஆறு நாற்பத்தைந்து. அவள் பாலத்தைத் தாண்டினாள்.

ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் வருகைக் கடிகாரத்தில் தன் அட்டையை அடித்தாள். அவன் அட்டை வரிசையில் அப்படியே இருந்தது. ஒரு கணம் அதையும் எடுத்து அடித்துவிடலாமா என்று கை போயிற்று. மாட்டிக்கொண்டால் இருவருக்கும் வம்பு. விட்டுவிட்டாள்.

சலவை ஆலைக்குள் நுழைந்ததும் வெந்நீர் ஆவி முகத்தில் அறைந்தது. விரல்கள் உயிர் வந்து வலித்தன. இஸ்திரி உருளையின் அந்தப் பக்கம் ஐசெல் ஏற்கனவே நின்றிருந்தாள். துருக்கிக்காரி, எட்டு வருஷமாக ஹிஸ்கேயுடன் ஜோடி. ஒருத்தி இந்த முனையைப் பிடிக்க, மற்றவள் அந்த முனையைப் பிடிக்க, மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் ஒவ்வொன்றாக உருளைக்குள் போகும்.

"குளத்துல விழுந்தவ மாதிரி வந்திருக்க," என்றாள் ஐசெல். "எங்க உன் முன்வண்டி?"

"பின்னால வருது. இன்னைக்குத் துரைக்கு மிதிக்கவே முடியல."

"உடம்பு சரியில்லையா?"

"தூக்கமில்லையாம். போன வாரம்கூட படியில நின்னு நின்னு ஏறினான். கேட்டா, வயசாயிடுச்சும்பான்."

சொல்லும்போதே அவள் கை ஒரு விரிப்பைக் கோணலாகக் கொடுத்துவிட்டது. ஐசெல் அதை இழுத்து நேராக்கினாள். ஏழரை ஆயிற்று. மூட்டை இறக்கும் பக்கத்திலிருந்து யாரோ சீப்ரன் எங்கே என்று கத்தினார்கள். ஹிஸ்கே காதில் விழாதவள்போல அடுத்த விரிப்பை எடுத்தாள். எட்டுக்குக் கால் மணி இருக்கையில் மேற்பார்வையாளர் ரைண்டர் வந்தான். கூச்சலில் வழக்கமாகக் கையாட்டித்தான் கூப்பிடுவான். இன்று பக்கத்தில் வந்து, இயந்திரத்தை நிறுத்தினான்.

"ஹிஸ்கே, கொஞ்சம் வா. ஆபீஸ்ல போலீஸ் வந்திருக்காங்க."

விரிப்பின் முனை இன்னும் அவள் கையில் இருந்தது. ஐசெல் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்து, அவள் விரல்களிலிருந்து அதை விடுவித்தாள்.

போலீஸ்காரி இளம்பெண். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கோட்டிலிருந்து தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீரேற்று நிலையத்துக்கு அப்பால், கரைச் சரிவில் காற்றுப்படாத ஒரு மடிப்பில் சீப்ரன் உட்கார்ந்திருந்ததாகவும், பால் வண்டி ஓட்டுநர் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதாகவும், அவர்கள் வந்து செய்யவேண்டியதை எல்லாம் செய்து பார்த்ததாகவும் சொன்னாள்.

"விழலயா?" என்றாள் ஹிஸ்கே.

"இல்ல. அவரே இறங்கியிருக்கார். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பூட்டியிருக்கார். சாவி கையில இருந்துது. வலிச்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார்."

எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஹிஸ்கேக்குத் தெரியும். தலையாட்டினாள். ரைண்டர் ஒரு கோப்பைக் காப்பியை அவள் முன்னால் வைத்தான். சர்க்கரை போட்டுவிட்டான். அவள் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை.

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"நிலையத்துகிட்ட. நான் முன்னால போனேன். அவன்தான் போகச் சொன்னான்." அவள் குரல் உயர்ந்தது. "நான் கொஞ்சம் நின்னிருப்பேன். ஆனா அந்த இடத்துல திடீர்னு காத்து பயங்கரமாக் கூடிடுச்சு. நிக்கவே முடியல. நின்னா மறுபடி ஏறி மிதிக்க முடியாது, அப்படி ஒரு காத்து."

போலீஸ்காரி எழுதிக்கொண்டே இருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தவள்போல நிமிர்ந்தாள்.

"ஆமா, மோசமான காத்துதான். நான் அஞ்சு மணியிலேருந்து அந்த ரோட்டுலதான் இருக்கேன். விடாம ஒரே மாதிரி அடிச்சுகிட்டே இருக்கு."

"ஒரே மாதிரியா?"

"ஆமா. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

ஹிஸ்கே அவளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கொடிக்கம்பத்தின் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. காற்று எதிரே அடிக்கும் நாளில் அவள் அவனுக்கு முன்னால் போனது இதுதான் முதல் தடவை. இன்னும் எதையோ கேட்ட போலீஸ்காரி, கேட்டதை விட்டுவிட்டு நோட்டை மூடினாள்.

அவனைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பதினொரு மணிக்கு எல்லாக் காகிதமும் முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்றார்கள் ஈமக்காரியத்துக்காரர்கள். ஆலைக்குத் திரும்பியதும் ரைண்டர் தன் காரில் விடுவதாகச் சொன்னான். சீப்ரனின் சைக்கிளை என்ன செய்வது என்று ஹிஸ்கே கேட்டாள்.

"அங்கயேதான் இருக்கு. நாளைக்கு வேன்ல எடுத்துட்டு வரச் சொல்றேன். அதெல்லாம் நீ யோசிக்காத."

"இல்ல. நானே எடுத்துட்டுப் போறேன்."

"இந்த மழையிலயா? பைத்தியமா உனக்கு?"

அவள் ஈரக் கால்சட்டையை ஏற்கனவே மாட்டத் தொடங்கியிருந்தாள்.

திரும்பும் வழியில் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது. மிதிக்கவே வேண்டாம். பாலத்திலிருந்து இறங்கியதும் வண்டி தானாக ஓடியது. நீரேற்று நிலையத்தைத் தாண்டி, புல் மிதிபட்டுக் கிடந்த இடத்தில் அவன் சைக்கிள் நிமிர்ந்து நின்றது. காற்று அதைத் தள்ளவில்லை. கரையின் சரியான இடம் பார்த்து நிறுத்தியிருந்தான். போலீஸ்காரி கொடுத்திருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். இருக்கையில் தேங்கியிருந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்தாள்.

தன் வண்டியில் ஏறி, அவன் வண்டியின் ஹேண்டிலை வலது கையால் பிடித்து உருட்டிக்கொண்டு ஓட்டினாள். பள்ளிக்கூடக் காலத்திலேயே பழகிய வித்தைதான். ஆள் இல்லாத வண்டி லேசாக இருந்ததால் காற்று அதை வேகமாகத் தள்ளியது. அது அவளை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. இவ்வளவு சீக்கிரம் வீடு வருவதில் அவளுக்கு விருப்பமில்லை. வழி நெடுகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனாள். இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் போயின.

வீட்டுக்கு வந்தபோது டெட்யேயின் கார் வாசலில் நின்றது. ஸ்வோல்லவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள். முன்னறையில் திரைகளை இழுத்து மூடி, அவனைக் கிடத்த இடம் வேண்டும் என்று மேஜையைச் சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தாள். அறுபத்துநாலு வயதில் தனியாக நகர்த்தியிருக்கிறாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. டெட்யே தங்கையின் ஈரமான தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போவீங்க?"

"இன்னைக்கு நான் முன்னால போனேன்."

டெட்யே அதைக் கொஞ்சநேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். இரண்டு கோப்பைகளில் காப்பியை ஊற்றினாள்.

"சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போறப்ப என்னையும் பின்னால வான்னுதான் சொல்வான்," என்றாள். "எட்டு வயசுப் பொடியன், எலும்பும் தோலுமா. நான் கேக்கமாட்டேன். நான்தானே மூத்தவ? மல்லுக்கட்டி முன்னால போவேன். வீட்டுக்கு வந்து நீ பெரிய ராணியோன்னு கத்துவான்." சிரிக்கப் பார்த்தாள். "அப்பவும் ஏன்னு சொல்லமாட்டான்."

"இப்பவும் சொல்லல," என்றாள் ஹிஸ்கே.

சுவர்க்கடிகாரம் ஒன்றரையைக் காட்டியது. டெட்யே ரொட்டியில் வெண்ணெய் தடவி, சீஸ் வைத்து, தங்கையின் பக்கம் தள்ளினாள். ஹிஸ்கே ஒரு வாய் கடித்தாள். மென்று விழுங்க நேரம் பிடித்தது.

"திங்கக்கிழமை எப்படிப் போவே?"

"எங்க?"

"வேலைக்கு."

"சைக்கிள்லதான். வேற என்ன?"

"தனியாவா?"

ஹிஸ்கே எழுந்தாள். வண்டிகள் மழையில் நிற்கின்றன என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

கொட்டகை குறுகலானது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வைக்க முடியும். தினமும் சாயங்காலம் அவள் வண்டி முதலில் உள்ளே போகும், சுவரோரம். பிறகு அவனுடையது கதவோரம். காலையில் முதலில் வெளியே எடுக்க வேண்டியது அதுதான். அவள் தன் வண்டியைப் பாதிவரை உள்ளே தள்ளிவிட்டு நின்றாள். கூரைத் தகரத்தில் மழை பேசிக்கொண்டிருந்தது. பிறகு அதைப் பின்னுக்கு இழுத்து வெளியே நிறுத்தினாள். சீப்ரனின் வண்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், முன்சக்கரம் சுவரில் முட்டும்வரை தள்ளி வைத்தாள். பெடல் சுவரில் உரசாமல் இருக்க ஒரு பழைய சாக்கை மடித்து நடுவில் செருகினாள். அதன் பின்னால் தன் வண்டியை வைத்தாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். காற்று அதைப் பிடுங்கித் திறந்தது. மறுபடி சாத்தினாள். மறுபடி திறந்தது. முன்வாசல் பக்கம் ஒரு பெரிய வண்டி மெதுவாக வந்து நிற்கும் சத்தமும், கார்க் கதவுகள் ஒவ்வொன்றாக மூடும் சத்தமும் கேட்டன. டெட்யே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வர்றேன்," என்றாள் ஹிஸ்கே. திரும்பி, கதவுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, கொண்டி விழும்வரை அப்படியே நின்றாள்.