திரும்பி வந்த முப்பத்து மூன்று பாத்திரங்கள்

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தைலம்மாள் ஊராருக்குக் கொடுத்தது முப்பத்தாறு பாத்திரங்கள். பத்தே நாளில் அவற்றில் முப்பத்து மூன்று வீடு திரும்பிவிட்டன. ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. தூக்கில் வேர்க்கடலை, சம்படத்தில் முறுக்கு, குண்டானில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது வடக்கனந்தலில் வழக்கமில்லை. ஆகவே இருப்பதைக் குறைக்கப் புறப்பட்டவளின் வீட்டில் இப்போது பாத்திரமும் இருந்தது, தின்ன ஆளில்லாத பண்டமும் இருந்தது.

ஏன் திரும்பி வருகின்றன? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

“இன்னாக்கா, உங்க வூட்டு குண்டானுக்குக் கால் மொளச்சிருக்கா?” என்று பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். “பேசாம லாரி வெச்சி மலைக்கே ஏத்தினு போங்க.”

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் தைலம்மாளுக்குச் சுருக்கென்றது. அவள் பயந்ததே அதற்குத்தான்.

தைலம்மாள் கிராம செவிலியர். அந்த ஊரில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஊசி போட்ட பிள்ளைகளுக்கே இன்று பிள்ளைகள் இருக்கின்றன. போன வருடக் கடைசியில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஆள் இல்லையென்று மூன்று மாதத்துக்கு அவளை அனுப்பினார்கள். ஒரே ஒரு பையோடு போனாள். ஒரு சோற்றுப் பானை, ஒரு வாணலி, தட்டு, டம்ளர், கரண்டி. முதல் வாரம் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. குறைந்தது பொருள் இல்லை, வேலை என்று இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்தது. தேய்க்கிற வேலை, துடைக்கிற வேலை, பரணில் ஏற்றி இறக்குகிற வேலை. அவை போனதும் சாயங்காலம் முழுசாக அவள் கையில் இருந்தது. மழை எதிர்மலையில் தொடங்கி, பள்ளத்தைத் தாண்டி, தன் ஓட்டுக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. இன்னொரு நாள் ஒன்பது. ஏன் மாறுகிறது என்று யோசிக்கவும் நேரம் இருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பரண் நிறைய எவர்சில்வர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே மலைக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டாள். யாரும் கேட்காத இடம் என்பதால் உடனே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். வீட்டின் சொந்தக்காரர் ஆதிமூலம் வேறு குடித்தனத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் பாத்திரங்கள் போகவில்லையென்றால் அவளோடு மலையேற வேண்டியதுதான். மேலே போனாலும் இதே பரண், இதே தேய்ப்பு. அப்புறம் எதற்கு மாறுதல்?

செவ்வாய்க்கிழமை காலை, தடுப்பூசிப் பதிவேட்டுக்குக் கோடு போடுவது போல ஒரு நோட்டில் கோடு போட்டாள். எந்தப் பாத்திரம், என்ன உலோகம், யாருக்குக் கொடுத்தது, யார் கொண்டு வந்தது. ஊரில் அம்மை கண்டால் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று தேடிப் போவாள் அல்லவா, அதே மாதிரி ஒரு தூக்கைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள்.

தூக்கை அவள் கொடுத்தது ஆண்டாளுக்கு. ஆனால் வேர்க்கடலையோடு திருப்பிக் கொண்டுவந்தவள் ஆண்டாளின் நாத்தனார் ரங்கம்மாள்.

“அதுல கொழம்பு ஊத்தி அவங்க வூட்டுக்கு அனுப்பினேன்,” என்றாள் ஆண்டாள். “அவங்க அதுல வெட்டியிருக்கற உங்க பேரப் பாத்துட்டு, ‘இது நர்சம்மா தூக்கு, பாவம் தேடிக்கினு இருப்பாங்க’ன்னு நேரா உங்க கிட்ட குடுத்துட்டாங்க.”

“நான் உனக்கே குடுத்ததுன்னு சொல்லக் கூடாதா?”

“எப்படிங்க சொல்றது? பேரு உங்களுது. ‘என்னுது’ன்னு நான் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?”

பேரா காரணம்? தைலம்மாள் உடனே நம்பிவிடவில்லை. திரும்பி வராத மூன்றையும் நோட்டில் பார்த்தாள். ஒரு அலுமினியக் குண்டான், ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ஒரு எவர்சில்வர் தட்டு. குண்டானும் பக்கெட்டும் மலிவானவை, அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை என்று சொல்லிவிடலாம். தட்டு மட்டும் இடித்தது. மற்ற முப்பத்து மூன்றும் எந்த உலோகமோ அதே உலோகம். அது ஏன் வரவில்லை? யோசித்துப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அது மட்டும் திருக்கோவிலூர்த் திருவிழாவில் தரையில் விரித்து விற்றவனிடம் வாங்கியது. அவனிடம் பேர் வெட்டுகிற மெஷின் இல்லை. திரும்பி வந்த முப்பத்து மூன்றிலும் அவள் பேர் இருந்தது. அநேகமாக எல்லாம் கடையில் வாங்கியவை. வாங்கும்போதே இலவசமாக ‘சு. தைலம்மாள், செவிலியர்’ என்று வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்போது அதைப் பார்க்கப் பார்க்க எவ்வளவு பெருமையாக இருந்தது! முதல் சம்பளத்தில் வாங்கிய குடத்தில் அந்தப் பேரை விரலால் தடவிப் பார்த்தபடியே பஸ்ஸில் வந்தாள்.

பேர்தான் காரணம் என்றால் பேரை எடுத்துவிட்டால் போயிற்று. ஒரு பேசினை எடுத்து உப்புத்தாளால் அரை மணி நேரம் தேய்த்தாள். எழுத்து மங்கியது. பளபளப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. அதை மறுபடி ஆண்டாளிடமே கொடுத்தாள்.

புதன்கிழமை ஆண்டாளின் புருஷன் இருசப்பன் பேசினோடு வந்து நின்றான். அதில் பாதி பேசின் கொய்யாப்பழம்.

“தப்பா நெனச்சிக்காதீங்க நர்சம்மா. பேரை ஒரசி எடுத்த மாதிரி இருக்குது. நாளைக்கு ஒருத்தன் பாத்தா, ‘எங்கடா அடிச்சினு வந்த?’ன்னு கேப்பான். பேரோட இருந்தாலாவது உங்களுதுன்னு சொல்லிப் பொழச்சிக்கலாம்.”

பேரை அழித்தது பேர் இருந்ததைவிட மோசமாகப் போயிற்று. தைலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டே நோட்டில் அதையும் எழுதினாள்.

வியாழக்கிழமை கள்ளக்குறிச்சியில் மாதக் கூட்டம். முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஷேக் தாவூதின் பாத்திரக் கடைக்குப் போனாள். குடம் வாங்கிய நாளிலிருந்து பழக்கம்.

“வாங்கம்மா. புதுசா இன்னா எடுக்கறீங்க?”

“எடுக்க வரல பாய். இருக்கறதத் தொலைக்க வந்திருக்கேன்.”

“பழசக் கொண்டாங்க, எடை போட்டுப் பதிலுக்குப் புதுசா குடுக்கறேன்.”

“நல்லா இருக்குது! மறுபடியும் பரணை ரொப்பவா? பேரை அழிக்க முடியுமா, அத மட்டும் சொல்லுங்க.”

“போடத்தான் தெரியும். எடுக்கத் தெரியாதும்மா,” என்று அவர் மெஷினைக் காட்டினார். தடித்த பேனா மாதிரி இருந்தது. கரண்டு கொடுத்தால் முனை கிர்ரென்று துடிக்கும். அது கோடு கிழிப்பதில்லை. நொடிக்குப் பல தடவை குத்திக் குத்திப் புள்ளி வைக்கிறது. புள்ளிகள் நெருக்கமாக விழுவதால் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிகிறது. “ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. குழிய எடுக்கணும்னா சுத்தி இருக்கற தகடெல்லாம் அந்த ஆழத்துக்குத் தேயணும். அதான் திட்டு விழுது.”

அவர் பேசிக்கொண்டே யாருக்கோ ஒரு தாம்பாளத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் பரிசு. மேலே கொடுப்பவர் பேர், கீழே மணமக்கள் பேர். தைலம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

“பாய், என் வூட்ல ஒரு அண்டா இருக்குது. பச்சமுத்து மகனுக்குப் பேர் வெச்சப்ப எனக்குக் குடுத்தாங்க. அதுல அவரு பேரும் இருக்குது, என் பேரும் இருக்குது.”

“சரி?”

“அதக் கொளஞ்சியம்மாளுக்குக் குடுத்தேன். திரும்பி வந்துச்சு. ஆனா என் கிட்டதான் வந்துச்சு, பச்சமுத்து கிட்டப் போகல. அவரு வூடு கொளஞ்சியம்மா வூட்டுக்கு எதிர்லயே இருக்குது. முதல்ல இருக்கறதும் அவரு பேருதான்.”

“அவரு பேருக்குப் பக்கத்துல ‘அன்பளிப்பு’ன்னு போட்டிருக்குமே? அப்போ அவரு குடுத்தவரு. கீழ இருக்கறவங்கதான் சொந்தக்காரங்க. இதுகூடத் தெரியாதாம்மா?”

“தெரியும் பாய். இப்பதான் புரியுது.”

அன்று மாலையே ஆறு பாத்திரங்களைக் கொண்டுவந்து வெட்ட வைத்தாள். ஆறு மட்டும் போதும், முதலில் பார்க்கலாம் என்றாள். மங்கிய பேசின் மட்டும் மலைக்குப் போகும் மூட்டையில் சேர்ந்தது, துணி ஊற வைக்க. வெள்ளிக்கிழமை ஆறையும் கொடுத்தாள். ஆண்டாள் தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டித் தன் பேரைப் படித்தாள். “ஐயே, என் பேரா இது?” என்று இன்னொரு தடவை படித்தாள். அன்றைக்கே அதில் குழம்பு ஊற்றி ரங்கம்மாள் வீட்டுக்கு அனுப்பினாள். சனிக்கிழமை தூக்கு திரும்பி வந்தது, ஆண்டாள் வீட்டுக்கு. மற்ற ஐந்தும் போன இடத்திலேயே இருந்தன.

சனிக்கிழமை ஆட்டோ நிறைய மீதியெல்லாம் தாவூதின் கடைக்குப் போயிற்று. தாவூது கை உதறிக்கொண்டே வெட்டினார். யாருக்கு எது என்று தைலம்மாள் நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் குடம் இருந்தது. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. கொடுத்த முப்பத்தாறிலும் சேராதது. யாருக்கும் தராமல் பரண் மூலையில் ஒதுக்கி வைத்திருந்தாள். ஏன் ஆட்டோவில் ஏற்றினோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

“இதுக்கு?” என்றார் தாவூது.

அவள் பழைய எழுத்தைத் தடவிப் பார்த்தாள். தண்ணீர் வராத ஒவ்வொரு கோடையிலும் காசியம்மாள் இரவல் கேட்டு வந்த குடம் இது. கேட்கும்போதெல்லாம், ‘பாத்து, நெளிச்சிடாத’ என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். மலையில் குழாய் வாசலிலேயே இருக்கிறது. ஒரு பானை போதும்.

“காசியம்மாள்னு போடுங்க பாய்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் உரியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. காசியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள், தண்ணீர் எடுக்காமலே. “நெளிச்சா இனிமே யாரும் கேக்க மாட்டாங்க, இல்லக்கா?” என்றாள். தைலம்மாள் அவள் தோளில் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளிமலை பஸ் வரும்வரை ஒரு பாத்திரமும் திரும்பவில்லை. ஒரு பையும் ஒரு சின்ன மூட்டையுமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, கடைசி வரியை எழுதினாள்:

பழைய பேரை அழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் ‘அன்பளிப்பு’ என்றும், கீழே பெறுகிறவர் பேரையும் வெட்டிக் கொடுத்தால் பாத்திரம் திரும்பி வராது.