மூன்றாம் முறை மேசைக்கு வந்த ஃபென்னர்

என் மனைவி கோரின் அந்தப் படத்தை இரண்டு முறை சங்கத்துக்குக் கொண்டுபோனாள். அதில் இருப்பது பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் ஆர்லோ ஃபென்னர் என்றாள். இரண்டு முறையும் சிரித்தார்கள். மூன்றாவது முறையும் ஆள் யாரென்று நிரூபிக்க முடியாவிட்டால் படம், பெயர் தெரியாத படங்களைப் போடும் அநாதைப் பெட்டிக்குள் போய்விடும். அதன்பிறகு அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் டொலீடோ நகரச் சங்கத்தின் விதி அது. மூன்றாவது முறைக்குள் அவள் இறந்துவிட்டாள். நான் கொண்டுபோனேன்.

சனிக்கிழமை காலை, தேவாலயத்தின் கீழ்த்தளம். காபி, டோநட். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பழைய பத்திரிகைப் படங்களைச் சேர்ப்பவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். படத்தை ஸ்டோஷ் கோவாலிக்கிடம் கொடுத்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர். அங்கே அவர் சொன்னால் சொன்னதுதான்.

எங்களில் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரும் படத்தைத் திருப்பி அதன் முதுகைத்தான் பார்த்தார். பத்திரிகை அலுவலக முத்திரை, ஏப்ரல் 1934. வெட்டவேண்டிய இடத்துக்கு ஆரஞ்சு மெழுகுப் பென்சிலில் ஒரு கோடு. பெயர் எழுதி ஒட்டிய சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பசைத் தடம் மட்டும் இருந்தது.

"காகிதம் அசல். ஆளுதான் வேற" என்றார். "தம்பி, உன் வீட்டுக்காரி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஆர்லோ ஃபென்னர் ஜென்மத்துல வலக்கை ஆட்டம் ஆடுனதில்ல. இவன் வலக்கையில பந்து வெச்சிருக்கான். மூக்கும் வேற. பயிற்சிக்கு வந்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போன எவனோ ஒருத்தன்."

"அவ படத்துல கண்ணைப் பாத்துத்தான் அடையாளம் சொன்னா."

"கண்ணைப் பாத்தா என் மச்சான்கூட ஃபென்னர்தான்."

சிரித்தார்கள். குறிப்பேடு எழுதும் பெர்னிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"யோவ் ஸ்டோஷ், போன தடவை அவகூட இதுக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்ன. இவனுக்கு அஞ்சு நிமிஷம் குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

உருப்பெருக்கியை வாங்கிக் குனிந்தேன். பயிற்சி நாள் படம். சட்டையில் எழுத்து இல்லை, தலையில் தொப்பி இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கழுத்திலிருந்து கீழே பொத்தான் பொத்தானாக வந்தேன்.

நான்கு மாதமாக வீட்டில் கோரினின் கட்டம்போட்ட சட்டையைத்தான் போடுகிறேன். முதல் வாரம் விரல்கள் தடுமாறின. பொத்தான்கள் எதிர்ப்பக்கம். இப்போது பழகிவிட்டது.

"சட்டை மாறியிருக்கு" என்றேன். "பொம்பளைங்க சட்டை மாதிரி பொத்தான் இந்தப் பக்கம் இருக்கு."

"அப்போ ஃபென்னரோட தங்கச்சி" என்றது ஒரு குரல்.

"இல்ல. நெகடிவ்வைத் திருப்பி வெச்சு அச்சுப் போட்டிருக்காங்க. இடம் வலமாயிருக்கு."

பெர்னிஸ் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் படத்தின் முன் நிறுத்தினாள். ஸ்டோஷ் தன் கோப்பிலிருந்து பெயர்ச்சீட்டு உள்ள ஃபென்னர் படம் ஒன்றை உருவி அதன் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியில் நின்றவன் இடக்கைக்காரன். பந்து பட்டு வளைந்த மூக்கு, அதே பக்கம் வளைந்திருந்தது.

ஸ்டோஷ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப்பாவி" என்றார், படத்தைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அவ கண்ணு கண்ணுதான்யா."

பெர்னிஸ் பென்சிலைச் சீவிப் புதுச் சீட்டில் எழுதினாள். ஆர்லோ ஃபென்னர், 1934, இடவலம் மாறிய அச்சு. 'அடையாளம் கண்டவர்' என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே கோரின் ஹாலரன் என்று எழுதினாள்.

திருப்பி அச்சான படத்துக்கு மதிப்புக் கூடுமா குறையுமா என்று சண்டை தொடங்கியது. நான் இன்னொரு டோநட் எடுத்துக்கொண்டேன். மேலே சர்க்கரைப் பாகு பூசியது. நன்றாக இருந்தது.

ஸ்டோஷ் நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"தம்பி, இந்த மாதிரி அவ சொல்லி நான் சிரிச்ச படம் இன்னும் எத்தனை இருக்கு?"

"நாலு."

"மாசத்துக்கு ஒண்ணாக் கொண்டா. ஒரே நாள்ல எல்லாத்தையும் கொண்டுவந்து என் மானத்த வாங்கிடாத."

"சரி" என்றேன்.